குவைத் நேரம்

மடிக்கணினி உயிர்பெற்றதும் முருகலட்சுமி திரையின் வலது மூலையைத்தான் முதலில் பார்த்தாள்.

"ஏம்மா, இது நம்மூரு நேரத்தையில்ல காட்டுது."

யுவராணிக்குப் புரியவில்லை. அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவள் அவள். பழையதை அழித்துப் புதிதாக சிஸ்டம் ஏற்றினால் எல்லாம் கம்பெனி வைத்தபடிதான் வரும், இந்தியா என்று கொடுத்தால் இந்திய நேரம்தான் காட்டும் என்று சொல்லிப் பார்த்தாள்.

முருகலட்சுமிக்கு முன்பிருந்தது போலக் குவைத் நேரம் வேண்டும். அதை மாற்றும் இடம் அவளுக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் அவளுக்குத் தெரிந்ததே அது ஒன்றுதான். இந்தப் புது சிஸ்டத்தில் அந்த இடத்தைக் காணவில்லை.

பக்கத்தில் நின்ற மகள் ஜோதிகாவின் முகம் சுருங்கியது. கல்லூரிக்கு மடிக்கணினியைக் கொண்டுபோவது அவள்தான். அவள் இந்திய நேரத்துக்கு மாற்றி வைப்பாள். காலையில் திறந்தால் இரண்டரை மணி நேரம் பின்னால் போயிருக்கும். அதை நம்பி ஆன்லைன் தேர்வு ஒன்றையே தவறவிட்டிருக்கிறாள்.

வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறாரா அக்கா என்று யுவராணி கேட்டாள்.

இல்லை. அவுக சொந்த ஊர் பரளச்சியில் காட்டு விவசாயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். குவைத்தில் இருந்தது முருகலட்சுமிதான். மழை ஏமாற்றிய வருஷங்களில் வீட்டு வேலைக்குப் போனவள், மகள் பத்தாவது முடிக்கிற சமயத்தில்தான் திரும்பினாள். மடிக்கணினி அந்த வீட்டில் கொடுத்தது.

அங்கே ஒரு பெண் குழந்தை. பிறந்த வாரமே இவள் கைக்கு வந்துவிட்டது. அது முதலில் பேசிய வார்த்தை தமிழ். இவள் புறப்பட்ட அன்று அது தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்ப வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஊருக்கு வந்தபின் எத்தனை தடவை கூப்பிட்டும் அவர்கள் போனை எடுக்கவில்லை.

"இந்நேரம் எந்திரிச்சிருக்கும், இந்நேரம் சாப்பிட்டிருக்கும்னு பாத்துக்கிருவேன். வேற ஒண்ணுமில்ல."

யுவராணி தலை குனிந்து விசைப்பலகையைத் துடைத்தாள்.

ஜோதிகா அம்மாவைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக் கேட்டாள்.

"அங்க இருக்கப்போ ஒன் போன்ல எந்த ஊரு நேரம் வச்சிருந்த?"

இதையெல்லாம் கேட்க வேண்டுமா என்பதுபோல முருகலட்சுமி மகளைப் பார்த்தாள்.

"பரளச்சி நேரந்தான். நீ பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பிட்டியான்னு தெரியணும்ல. வேலை நேரம் கொழம்புதுன்னு அந்த வீட்டம்மா குவைத் நேரத்துக்கு மாத்தி மாத்தி வைக்கும். நான் திருப்பி வச்சிருவேன்."

ஜோதிகா மௌஸைத் தன் பக்கம் இழுத்தாள். நேர அமைப்பைத் திறந்தாள். நேரத்தைத் தானாக அமைத்துக்கொள்ளும் பொத்தானை அணைத்தாள். நீண்டு இறங்கிய ஊர்களின் வரிசையில் குவைத்தைத் தேட ஆரம்பித்தாள்.