பூட்டிய வீடுகள்

ஆலைப் புகையால் என்ன பாதிப்பு என்று யார் யாரிடம் கேட்பது? அந்தப் பட்டியலைத்தான் கணக்கெடுப்பு மேலாளரும் களப்பணிப் பெண்ணும் முடிவு செய்துகொண்டிருந்தார்கள்.

"பூட்டின வீட்டையெல்லாம் எடுத்துடும்மா," என்றார் மேலாளர். "ஆள் இருக்கிற வீடு போதும்."

களப்பணிப் பெண் பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஆலைக்குப் பின்தெருவுல மட்டும் ஒன்பது பூட்டு சார். அதை விட்டா கணக்கே பொய்யாயிடும்."

"டூர் போயிருப்பாங்க. என்ன, பூட்டுகிட்டயா பேட்டி எடுக்கப்போறே?"

அவள் ஒரு சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"ஏழாம் நம்பர் எங்க வீடு சார். அம்மா மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில கிடக்கிறாங்க. மீதி எட்டு வீட்டுக்காரங்களும் அதே வார்டுலதான்."

மேலாளரின் பேனா நின்றது.

"என்கிட்டயாவது சீக்கிரம் கேளுங்க சார்," என்றாள், இருமலை அடக்கிக்கொண்டு. "நேத்துலேருந்து எனக்கும் ஆரம்பிச்சிடுச்சு."