பெட்டியா, பிளக்-இன்னா?

“பிரீஆம்ப் பெட்டியே வாங்கிடலாங்க,” என்றாள் மனைவி. “பிளக்-இன்ல என் குரல் தகர டப்பாவுக்குள்ள பேசற மாதிரி இருக்கு.”

கணவன் சிரித்தான். படுக்கையறையின் ஒரு மூலையைத் தடுத்து, சுவரெல்லாம் ஃபோம் ஒட்டி, இந்த ஸ்டுடியோவை அவளுக்காகப் பார்த்துப் பார்த்துக் கட்டியவன் அவன். விளம்பரங்களுக்குக் குரல் கொடுக்க அவள் இனி எங்கும் அலைய வேண்டாம்.

“மைக் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்க எதுக்குத் தனியா ஒரு பெட்டி? பிளக்-இன் வெறும் சாஃப்ட்வேர்தானே, உக்காந்த இடத்துலயே கம்ப்யூட்டர்ல இறக்கிக்கலாம்.”

“பெட்டின்னா குரல்ல ஒரு கனம் இருக்கும்.”

“சரி, உன் ஆசையை ஏன் கெடுக்கணும்? ஆன்லைன்ல ஆர்டர் போட்டுடறேன்.”

“ஐயோ, வேண்டாங்க. ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு மாதிரி. கடைக்குப் போய் மைக்ல பேசிப் பார்த்துத்தான் எடுக்கணும்.”

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு முகம் மலர போனை எடுத்தான்.

“கடைக்காரர் நமக்குத் தெரிஞ்சவர்தான். இருக்கிற பெட்டியெல்லாம் வீட்டுக்கே கொண்டுவரச் சொல்றேன். நீ இங்கயே பேசிப் பாரு. உனக்கு எதுக்கு அலைச்சல்?”

அவள் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

“பிளக்-இன்னே போதுங்க.”

“இதைத்தானே நான் முதல்லயே சொன்னேன்?”

அவன் அலுவலகம் கிளம்பிப் போனதும், வாசலில் தயாராக எடுத்து வைத்திருந்த தன் செருப்பைத் திரும்ப அட்டைப்பெட்டிக்குள் வைத்தாள். ஸ்டுடியோ கட்டி முடித்த மாதம் வாங்கியது. அடியில் இன்னும் தூசி ஒட்டவில்லை.