கல்யாண இலைக் குவியல்

இருட்டிய பிறகு நகராட்சி உரக்கிடங்கில் தொபதொபவென்று என்னவோ விழுந்தது. மண்புழு அம்மா குட்டியை அணைத்துக்கொண்டாள்.

"கல்யாண மண்டபத்து எச்சில் இலைதான் அக்கா, லாரி கொட்டுது," என்றது வண்டு.

பாயசமும் மல்லிகையும் மணந்தன. அவள் வளர்ந்தது அப்படியொரு குவியலில்தான். எவ்வளவு இதமான வீடு! இரண்டு நாள் கழித்து இருட்டியதும், "வாடி, காட்டறேன்," என்று கிளம்பினாள்.

முந்திக்கொண்டு குவியலில் தலையை நுழைத்த குட்டி, "சுடுதும்மா!" என்று அலறியது. அவள் பதறி வெளியே இழுத்தாள்.

"புதுக் குவியல் மக்கும்போது உள்ளுக்குள்ளே அடுப்பாச்சே, அக்கா! ஆறின பிறகுதானே குடிபோகணும்?" என்று அதட்டியது வண்டு.

"சின்ன வயசிலே எங்களுக்குச் சுட்டதே இல்லையே!" என்றாள் அவள்.

"உங்களுக்கு முன்னாடி உங்க அம்மாவுக்குச் சுட்டிருக்கும்," என்றது வண்டு.

"நாளைக்குப் போலாமா?" என்றது குட்டி.

"முதல்ல நான் தொட்டுப் பார்க்கிறேன்," என்றவள், குட்டியை வளைக்குள் தள்ளி, தானும் நுழைந்து, வாசலில் சருகைச் செருகி உள்ளிருந்து தாழிட்டாள்.