பக்கத்து வீட்டுக் கேற்

“டமார்!”

றஞ்சிதத்தின் கையிலிருந்த உப்புச் சிரட்டை துள்ளி விழுந்தது.

“பாருங்கோ, திரும்பவும் அந்தக் கேற்!”

கொட்டாஞ்சேனையில் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் மேட்டு வீடு. சோளகக் காற்று தொடங்கினால் கொடியில் சேலை தங்காது, அடுப்பில் நெருப்பு நில்லாது, சோற்றுக்குள் மண் வந்து விழும். அதையெல்லாம் றஞ்சிதம் பொறுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு ஒஸ்வால்டின் வாசல் இரும்புக் கேற்றைத்தான் பொறுக்க முடியவில்லை.

“ஒரு கொண்டி போட ஏலாத மனிசன்! கேட்டால், ‘காத்துக்கு நான் என்ன செய்யிறது தங்கச்சி’ எண்டு பல்லைக் காட்டுறார்.”

“நீர் காதுக்குள்ள பஞ்சை வையும்.” புருசன் செல்லையா பேப்பரிலிருந்து தலை எடுக்கவில்லை.

“ஓம், பிறகு மூக்குக்குள்ளயும் வைக்கச் சொல்லுவியள்!”

“டமார்!”

அவ்வளவுதான். கட்டுக்கம்பியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கேற்றையும் தூணையும் சேர்த்து இறுக்கி முறுக்கிவிட்டு வந்தாள். அன்று காலை முழுக்க வீடு கோயில் மாதிரி இருந்தது.

மத்தியானம் எட்டிப் பார்த்தால், ஒஸ்வால்ட் நின்று கம்பியை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார். விரலில் இரத்தம்.

“அண்ணன், அதை அவிழ்க்க வேண்டாம்! நான்தான் கட்டினனான்.”

“நீங்களா தங்கச்சி?” அவர் குரல் தணிந்தது. “திரேசா இன்னும் ஒரு வாய் சாப்பிடேல்ல.”

“உங்கட மனிசி சாப்பிடாததுக்குக் கேற் என்ன செய்யும்?”

“கப்பலில போன எங்கட கிளமென்ட் இனி வரமாட்டான் எண்டு எனக்குத் தெரியும். அவவுக்குத்தான் நினைவு தடுமாறிப் போச்சே. கேற் அடிபட்டால் மகன் வந்திட்டான் எண்டு எழும்பி இருப்பா. ‘அவன் கை கால் கழுவிப்போட்டு வாறான், நீ முதல்ல சாப்பிடு’ எண்டு சொல்லித்தான் சோறு தீத்துறனான். கொண்டியைக் கழட்டினதே நான்தான்.”

றஞ்சிதம் கேற்றுக்குக் கிட்ட வந்தாள்.

“நீங்களே வந்து அடிச்சால் என்ன?” என்றாள்.

“அடிச்சுப் பார்த்தனான். நான் பக்கத்தில இல்லாவிட்டால், ‘அது நீங்கள்தானே’ எண்டு அழத் தொடங்கிடுவா.”

றஞ்சிதம் மிச்சக் கம்பியைத் தானே அவிழ்த்தாள்.

புரட்டாதி முடியக் காற்று விழுந்தது. கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. கொடியில் சேலை அசையவில்லை.

மத்தியானம் கண் அயர்ந்த செல்லையா திடுக்கிட்டு எழும்பினார்.

“டமார்!”

“காத்துத்தான் இல்லையே! இப்ப ஆர் அந்தக் கேற்றைப் போட்டு அடிக்கிறது? றஞ்சிதம்! எங்கயப்பா போயிட்டீர்?”

அடுக்களையில் ஆள் இல்லை. வேலிக்கு அப்பாலிருந்துதான் பதில் வந்தது.

“சும்மா கத்தாதேயுங்கோ! காதுக்குள்ள பஞ்சை வையுங்கோ!”

“டமார்!”