ஒரு பன்னுக்காக

"ஒரே ஒரு பன்னுக்காக ஆபரேஷனைக் கெடுத்துக்கிட்ட மனுஷனை இன்னைக்குத்தாங்க பார்க்கிறேன்."

டீச்சர் வகுப்பறைக் குரலில் சொன்னார். ஆணும் பெண்ணுமாக ஆபரேஷனுக்குக் காத்திருந்த வார்டே திரும்பிப் பார்த்தது. கட்டிலில் அவருடைய கணவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், தலையைக் குனிந்துகொண்டார்.

ஆயுசு முழுக்க பஸ் ஜன்னலில் வைத்து வெயில் வாங்கிய வலது கையில் ஒரு மச்சம். அது புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து டிரைவருக்குத் தூக்கமில்லை. அக்குளில் இருக்கும் நிணநீர்க் கணுவுக்கும் பரவியிருக்கிறதா என்பதுதான் இனித் தெரிய வேண்டும். காலையில் மச்சத்தைச் சுற்றிக் கதிரியக்க மருந்தை ஊசியில் போட்டு ஸ்கேன் எடுத்து, மருந்து முதலில் போய்ச் சேர்ந்த கணு எது என்று தோலில் பேனாவால் குறியும் போட்டுவிட்டார்கள். அந்த மருந்து அடங்குவதற்குள் கணுவை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும்.

அதற்காக வெறும் வயிற்றோடு படுத்திருக்க வேண்டியவர், கேன்டீன் பன்னைத் தின்றுவிட்டாராம். நர்ஸிடம் போய்ச் சொன்னவரே டீச்சர்தான்.

மயக்க மருந்து டாக்டர் வந்தார். "நிஜமாவே சாப்பிட்டீங்களா?"

டிரைவர் மனைவியை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தார். "ஆமாங்க. பசி தாங்கலை."

அவ்வளவுதான், அவருடைய ஆபரேஷன் மறுநாள் காலைக்குப் போனது. ஏற்கனவே நேரம் ஓடிப்போய், அன்று இன்னும் ஒரே ஒரு ஆபரேஷனுக்குத்தான் இடம் இருந்தது. அடுத்த கட்டில் பெண்ணை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அவளுக்கும் இதே நோய், இதே பரிசோதனை.

எதிர்க் கட்டில் அம்மா தன் பங்குக்கு, இந்த வயசிலும் நாக்கைக் கட்ட முடியலையே என்று அலுத்துக்கொண்டார். டிரைவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

சாயங்காலம் அந்தப் பெண்ணின் கணவன் தோளில் கைக்குழந்தையோடு வாசலில் வந்து நின்றான். அவளுடைய கணு ஸ்கேனில் மங்கலாகத்தான் தெரிந்ததாம். நாளை வரை தள்ளியிருந்தால் மறுபடி ஊசி, மறுபடி ஸ்கேன். ஊசி போட்டால் ஒரு நாள் குழந்தையைத் தொட்டுப் பால் கொடுக்கக் கூடாது.

"இன்னைக்கே முடிஞ்சிடுச்சு சார். நாளைக்கு இவனை அவ கையில குடுத்துடலாம்னு சொல்லிட்டாங்க."

அவன் போனதும் டீச்சர் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டார். கைப்பையைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். உள்ளே பன், முழுசாக.

"கோவிச்சுக்காதீங்க. அந்தப் பொண்ணுக்காக சர்ஜன்கிட்ட கேட்டேன். உங்க கணு பளிச்சுன்னு தெரியுது, நாளைக் காலை வரைக்கும் தாங்கும்னாரு. ஆனா ஒருத்தருக்காக இன்னொருத்தரைக் காத்திருங்கன்னு நான் சொல்லக்கூடாதும்மான்னுட்டாரு. உங்ககிட்டயே கேட்கலாம்னா, இன்னைக்கு முடிஞ்சாப் போதும்னு தவிச்சிட்டு இருக்கீங்க. முடியாதுன்னுடுவீங்களோன்னு பயந்துட்டேன்."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். பொய் சொன்ன பிள்ளைகளை வாழ்நாளெல்லாம் பெஞ்சு மேல் ஏற்றியவர்.

டிரைவர் பன்னைப் பிய்த்துப் பெரிய பாதியை அவரிடம் கொடுத்தார். காலையிலிருந்து அவரும்தான் ஒன்றும் சாப்பிடவில்லை.

"காலையில வராண்டாவுல அந்தக் குழந்தை பாலுக்கு அழுததை நானும்தானே கேட்டுக்கிட்டுப் படுத்திருந்தேன். பன் தின்னுட்டேன்னு சொல்லிடலாமான்னு நானே யோசிச்சேன். நீ ஒத்துக்க மாட்டியேன்னு பயந்துதான் வாயைத் திறக்கலை, டீச்சர்."