லாசர் வளர்த்த நால்வர்

கல்லூரிக் கால்பந்து அணிகளுக்குத் தடுப்பாட்டம் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவர் என் பக்கத்து வீட்டு லாசர். இன்று ஜெயித்தால்தான் வேலை நிரந்தரம் என்று கல்லூரி முதல்வர் கறாராகச் சொல்லிவிட்டார். நான் கடலைப் பொட்டலத்தோடு மைதானத்துக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

லாசர் துப்பிய துப்பலில் அல்சூர் ஏரியே நிரம்பியிருக்கும்.

"தூ! கோல் முன்னாடி நிக்கிறானுங்க பாருங்கண்ணா, நாலு எருமைங்க!"

"நீ தயார் பண்ண பசங்கதானே லாசரு?"

"மூணு வருஷம் தொண்டை கிழியக் கத்துனேன். இப்ப மூஞ்சியப் பாத்தாலே குமட்டுது."

"இன்னும் கோல் விழலையே, சந்தோஷப்படேன்."

"உங்களுக்குப் பென்ஷன் வருது, பேசுவீங்கண்ணா!"

நால்வரில் ஒரு நெட்டையன் உதைத்த உதையில் பந்து ஜீவனஹள்ளியையே தாண்டியிருக்கும். நான் கைதட்டினேன். லாசர் முறைத்த முறைப்பில் என் கையிலிருந்த கடலை கருகிப்போனது.

ஒரு கோல்கூட விழாமல் ஆட்டம் டிராவில் முடிந்தது. நால்வரும் ஓடிவந்து லாசரின் காலில் விழுந்தார்கள்.

"சார், நீங்க வேற காலேஜுக்குப் போயிட்டாலும் சொல்லிக்குடுத்த எதையும் மறக்கல! உங்க புது டீம் தலைகீழா நின்னும் ஒரு கோல் போட விட்டோமா? உங்க பேரைக் காப்பாத்திட்டோம் சார்!"