பரணில் யாரோ

"சார், மேல பரண்ல யாரோ தங்கியிருக்காங்க."

வெயிலுக்குக் கூரையில் ஃபோம் அடிக்க வந்த ஃபோம்காரர், ஏணியிலிருந்து இறங்கி முகமூடியைக் கழற்றியதும் சொன்ன முதல் வார்த்தை இதுதான். தலை முதல் கால் வரை மூடிய வெள்ளை உடுப்புக்குள் அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

வீட்டுக்காரர் சோபாவிலிருந்து எழுந்தார். சமையலறை வாசலில் நின்ற அவர் மனைவியின் கையிலிருந்து டம்ளர் நழுவி உருண்டது.

"கையில எலும்பே இல்லையா உனக்கு?" என்று அவளிடம் சொல்லிவிட்டு, சிரித்த முகமாகவே இந்தப் பக்கம் திரும்பினார். காலையிலிருந்து ஃபோம்காரரை உட்கார வைத்து டீ கொடுத்து, கதை பேசி, வயிறு வலிக்கச் சிரிக்க வைத்த மனிதர். "நல்லாப் பாத்தீங்களா? எலி கிலி இருக்கப் போகுது."

"எலி தலையணை வச்சுப் படுக்குமா சார்?"

கூரையின் அடிப்பக்கம் முழுக்க ஃபோம் பீய்ச்சி அடித்தால் வெயிலின் காந்தல் வீட்டுக்குள் இறங்காது. ஆனால் அடித்த ஃபோம் பொங்கி இறுகிவிட்டால் உள்ளே சிக்கியது சிக்கியதுதான். அதனால் முதலில் டார்ச்சோடு ஏறி மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிடுவது அவர் வழக்கம்.

"தண்ணித் தொட்டிக்குப் பின்னால, கூரை சரிஞ்சு இறங்குற இடத்துல ஒரு பொந்து இருக்குங்க. சின்னதா ஒரு பலகைக் கதவு. உள்ள போர்வை, தலையணை, தண்ணி பாட்டில். கதவுக்கு உள்பக்கம் புதுசா தாழ்ப்பாள் வேற."

"என் வீட்டுலயே தாழ்ப்பாள் போட்டுத் தூங்குறானா!" வீட்டுக்காரரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. கதவோரம் சாத்தியிருந்த இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு ஏணிக்கு வந்தவர், முதல் படியிலேயே நின்றுவிட்டார். நாற்காலியில் ஏறினாலே தலை சுற்றும் ஆசாமி, வீரமெல்லாம் தரையில்தான்.

"இப்ப உள்ள இருக்கானா?"

"இல்லைங்க. வெளிய போயிருப்பான் போல. போலீசுக்குச் சொல்லிடலாமா?"

"போலீஸ் எதுக்கு? என் கையில கிடைக்கட்டும். கையக் கால ஒடிச்சுப் போட்டுட்டுத்தான் மறுவேலை."

ஃபோம்காரருக்கு ஏன்டா வாயைத் திறந்தோம் என்றாகிவிட்டது. அந்தக் கம்பியின் கனத்தைப் பார்த்தால், அகப்படுகிறவன் உயிரோடு மிஞ்சுவான் என்று தோன்றவில்லை.

"பாவம் சார், போக்கிடம் இல்லாத ஜீவனா இருக்கும். விரட்டி விட்டாப் போதாதா?"

"பாவமா? நீங்க வேலையை ஆரம்பிங்க. முதல்ல அந்தப் பொந்தை அடைங்க. காத்துகூட நுழையக் கூடாது. நான் வீட்டைச் சுத்திப் பாத்துட்டு வர்றேன்."

கம்பியோடு அவர் வெளியே போனார். வண்டியில் கெமிக்கல் சூடேறித் தயாராக இருந்தது. இதற்கு மேல் தாமதித்தால் ஸ்பிரே கன்னிலேயே இறுகித் தொலைக்கும். சரி, நமக்கெதற்கு ஊர் வம்பு என்று முகமூடியை எடுத்த ஃபோம்காரர் திடுக்கிட்டார்.

மனைவி ஏணியை மறித்து நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு கையாலும் ஏணியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"நகருங்கம்மா. ஃபோம் அடிக்கும்போது வீட்டுல யாரும் இருக்கக் கூடாது. நெடி தாங்காது."

அவள் நகரவில்லை. ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே இரும்புக் கம்பி சுவரில் உரசிக்கொண்டே பின்பக்கம் போனது.

திருடன் பயம் யாருக்குத்தான் இருக்காது? ஃபோம்காரர் குரலைத் தணித்துக்கொண்டார். "பயப்படாதீங்கம்மா. கல்லு மாதிரி அடைச்சுக் குடுத்துடறேன். இனிமே ஒருத்தரும் அங்க போய்ப் படுக்க முடியாது."

அவள் ஏணியை விடாமலே குரலைத் தாழ்த்தினாள்.

"அடைச்சிடாதீங்கண்ணே... அவர் கை நீட்டுற ராத்திரியில நான் வேற எங்க போய்ப் படுப்பேன்?"